பூட்டைப் பிடித்திருந்த கோரிலேயே வந்த என்.எம்.ஐ.: பல்செயலிச் சேவையகங்கள் உறைந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இரண்டு செயலிகளும் ஒவ்வொன்றிலும் பல கோர்களும் (நிரலைத் தனித்தனியே இயக்கும் அலகுகள்) கொண்ட எக்ஸ்86-64 சேவையகங்களின் ஒரு தொகுதியில் அடுத்தடுத்து நேர்ந்த உறைவுகளைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தச் சேவையகங்களில் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் 4.4 வரிசை ஓடிக்கொண்டிருந்தது. வேலைகள் எங்கே தாமதமாகின்றன என்பதை இடைவிடாமல் அறிவதற்காக, அவற்றைப் பராமரித்த கெர்னல் குழு தானே எழுதிய ஒரு மாதிரியெடுப்பு மாட்யூலை, அதாவது கெர்னலுக்குள் ஏற்றப்படும் துணை நிரலை, பயன்படுத்தி வந்தது. ஒவ்வொரு கோரிலும் இருக்கும் செயல்திறன் எண்ணி, குறித்த அளவு கடிகாரச் சுழற்சிகளை எண்ணி முடித்து வழியும்போது ஒரு குறுக்கீட்டை, அதாவது ஓடும் வேலையை இடைநிறுத்திக் கையாளி என்னும் தனி நிரலுக்குத் தாவச் செய்யும் சைகையை, எழுப்பும். அந்தக் கணத்தில் கோர் எந்த முகவரியில் இயங்கிக்கொண்டிருந்தது, எந்தச் சார்புகள் வழியாக அங்கே வந்தது என்பதை மாட்யூல் ஒரு பஃபரில், அதாவது தற்காலிக நினைவகப் பகுதியில், பதியும். பின்னர் ஒரு வாசிப்பு இழை (தனியே ஓடும் நிரல் ஓட்டம்) அந்தப் பஃபரைக் காலிசெய்து பயனர் தளத்துக்கு அனுப்பும்.

எக்ஸ்86 லினக்ஸில் இந்த எண்ணிக் குறுக்கீடு, தடுக்கவியலாத குறுக்கீடாக, அதாவது என்.எம்.ஐ. ஆக வழங்கப்படுகிறது. அதற்குத் தக்க காரணம் உண்டு. சாதாரணக் குறுக்கீட்டை, செயலியின் ஐ.எஃப். கொடியை அணைத்து நிறுத்திவைக்கலாம். கெர்னலின் பல முக்கியப் பகுதிகள் அவ்வாறு நிறுத்திவைத்தே ஓடுகின்றன. மாதிரியெடுப்பும் சாதாரணக் குறுக்கீட்டின் வழியே நடந்தால், அந்தப் பகுதிகளுக்குள் செலவான நேரம் முழுவதும், குறுக்கீடுகள் மீண்டும் திறக்கப்படும் ஒற்றை நிரல்வரியின் கணக்கில் தவறாக ஏறிவிடும். என்.எம்.ஐ. அந்தக் கொடியைப் பார்ப்பதில்லை. ஆகவே குறுக்கீடுகள் மூடப்பட்ட பகுதிக்குள்ளும் அது நுழைந்து உண்மை நிலையைக் காட்டுகிறது. இந்த நிகழ்வுக்கு வித்திட்டதும் இதே பண்புதான்.

எண்ணி வழிதல் தவிர வேறு மூலங்களும் அதே வாயிலுக்கு, எக்ஸ்86 குறுக்கீட்டு அட்டவணையின் 2ஆம் இடத்துக்கு வருகின்றன. கெர்னலின் வன்முடக்கக் கண்காணிப்பான் அதே எண்ணிகளில் ஒன்றைக் கொண்டு இயங்குகிறது. ஒரு கோர் மற்றொரு கோருக்கு, ஒவ்வொரு கோரிலும் உள்ள குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியான லோக்கல் ஏபிக் வழியாக என்.எம்.ஐ. அனுப்பலாம், எல்லாக் கோர்களின் அழைப்புத் தடத்தையும் அச்சிடுவதற்கும், கெர்னல் நிலைகுலையும்போது பிற கோர்களை நிறுத்துவதற்கும் லினக்ஸ் இதையே நம்பியிருக்கிறது. சேவையகத்தைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் தனிச் சில்லான மேலாண்மைக் கட்டுப்படுத்தி வெளியிலிருந்தும் ஒன்றை அனுப்ப முடியும். இத்தனைக்கும் ஒரே வரம்புதான்: ஒரு கோர் என்.எம்.ஐ. கையாளிக்குள் நுழைந்துவிட்டால், அதிலிருந்து திரும்பும் ஐரெட் ஆணை நிறைவேறும்வரை அந்தக் கோருக்கு அடுத்த என்.எம்.ஐ. வராது. இடையே எத்தனை வந்தாலும் ஒன்று மட்டுமே வாயிலில் காத்திருக்கும். மற்றவை அதனோடு ஒன்றாகிக் கரைந்துவிடும்.

முதல் உறைவுகள்

முதலில் உறைந்த சேவையகங்கள் எந்தத் தடயத்தையும் விடவில்லை. வலைத்தொடர்பு அற்றது, சீரியல் கன்சோல் பதிலளிக்கவில்லை, பதிவேட்டின் கடைசி வரி வழக்கமான ஒரு செய்தியாகவே இருந்தது. ஒரு கோர் பத்து நொடிகளுக்கு மேல் குறுக்கீடுகளை மூடியபடி சிக்கிக்கொண்டால் குரல்கொடுக்க வேண்டிய வன்முடக்கக் கண்காணிப்பானும் வாய்திறக்கவில்லை. மேலாண்மைக் கட்டுப்படுத்தியின் வழியாகச் செயல்பாட்டுக் குழு ஒரு என்.எம்.ஐ. அனுப்பிப் பார்த்தது. அடையாளம் தெரியாத என்.எம்.ஐ. வந்தால் நிலைகுலைந்து நினைவக டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுக்கும்படி கெர்னல் அமைக்கப்பட்டிருந்தும் ஒன்றும் நிகழவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

கண்காணிப்பானும் வெளி என்.எம்.ஐ.யும் ஒருங்கே செயலற்றுப் போனதால், வன்பொருள் பழுதுதான் என்ற எண்ணம் செயல்பாட்டுக் குழுவில் வலுத்தது. கட்டுப்படுத்தியின் நிகழ்வுப் பதிவில் நினைவகப் பிழையோ பஸ் பிழையோ இல்லாதபோதும், ஒரு சேவையகத்தின் நினைவகத் தகடுகள் மாற்றப்பட்டன. அதன்பின் அதே வேலைப்பளுவை ஏற்றிருந்த வேறொரு சேவையகம் அதே விதமாக உறைந்ததும் அந்த எண்ணம் தளர்ந்தது.

இந்தக் கட்டத்தில் இரண்டு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, வன்முடக்கக் கண்காணிப்பானையே அணைத்துவிடுவது. அதுவும் என்.எம்.ஐ. மூலங்களில் ஒன்று என்பதால் சிக்கலுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்பது அதை முன்மொழிந்தவர்களின் வாதம். மற்றொன்று, மாதிரியெடுப்பு மாட்யூலை எல்லாச் சேவையகங்களிலும் நிறுத்திவிடுவது. கெர்னல் குழுவை வழிநடத்திய மூத்த பொறியாளர் இரண்டையும் அப்போதைக்கு ஏற்கவில்லை. கண்காணிப்பானை அணைப்பது, எந்தச் சான்றும் இல்லாத நிலையில், இருக்கும் ஒரு சாட்சியையும் வெளியேற்றுவதாகும். மாட்யூலை நிறுத்தி உறைவுகள் நின்றால், மாட்யூல் காரணமா அல்லது அது மாற்றிய கால ஒழுங்கு வேறொரு குறையை வெளிக்கொணர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது. சேவைக்கு நேர்ந்துகொண்டிருந்த இடையூறைக் கருதினால் அந்தத் தீர்மானம் எளிதானதல்ல. ஆனால் தொகுதியின் சிறு பகுதியில் மட்டும் மாட்யூலை ஓடவிட்டு, மற்றவற்றில் நிறுத்துவது என்ற இடைவழி இரு தரப்புக்கும் ஏற்புடையதாயிற்று. இந்த ஆய்வை எழுதுபவரின் கருத்தில் சரியான தீர்மானமும் அதுவே.

ஒரு கோரைத் தூய்மையாக வைப்பது

மாட்யூல் ஓடவிடப்பட்ட சேவையகங்களில் மற்றொரு மாற்றமும் செய்யப்பட்டது. நிகழ்வு முழுவதிலும் மிகுந்த பயன் தந்த முடிவு இதுதான்.

மேலாண்மைக் கட்டுப்படுத்தி அனுப்பும் என்.எம்.ஐ., ஒவ்வொரு கோரின் லோக்கல் ஏபிக்கிலும் உள்ள இரண்டாம் உள்ளீட்டுக் கம்பியான லின்ட்1 வழியாக வருகிறது. லினக்ஸ் இயல்பாக இந்தக் கம்பியை, தொடக்கத்தில் கெர்னலை ஏற்றிய 0ஆம் கோரில் மட்டும் திறந்துவைத்து மற்றவற்றில் மூடிவிடுகிறது. அதாவது வெளியிலிருந்து தட்டப்படும் கதவு ஒன்றே ஒன்று. 0ஆம் கோர் எந்தக் காரணத்தாலாவது என்.எம்.ஐ. ஏற்க முடியாத நிலைக்குப் போயிருந்தால், மற்ற கோர்கள் எந்த நிலையில் இருந்தாலும் வெளி என்.எம்.ஐ. பயனற்றது. முதல் உறைவுகளில் ஒன்றும் நிகழாததற்கு அது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்று குழு கருதியது.

எனவே குழுவின் சொந்த நிரல் எதுவும் 0ஆம் கோரிலும் அதை ஒட்டிய சில பராமரிப்புக் கோர்களிலும் என்.எம்.ஐ. எழுப்பாதபடி, மாதிரியெடுப்பு மற்ற கோர்களுக்கு மட்டும் சுருக்கப்பட்டது. வேறெதுவும் தொடப்படவில்லை. கண்காணிப்பான் எல்லாக் கோர்களிலும் அப்படியே இருந்தது. வாசிப்பு இழையும், கெர்னலின் திட்டமிடுநர் (எந்த இழை எங்கே ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) அனுப்பும் எந்தக் கோரிலும் ஓடும் உரிமையோடு முன்போலவே இருந்தது.

அடுத்த உறைவு

அடுத்த முறை சேவையகம் உறைந்தபோது மௌனம் முழுமையாக இல்லை. சீரியல் கன்சோலில் மென்முடக்க எச்சரிக்கைகள் வரத் தொடங்கின: பராமரிப்புக் கோர்கள் 20 நொடிகளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றன அவை. அழைப்புத் தடங்கள் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. நினைவகப் பக்கம் ஒன்றின் பிணைப்பை நீக்கிய பின், மற்ற கோர்களின் டி.எல்.பி. (நினைவக முகவரிப் பிணைப்புகளை வைத்திருக்கும் சிறு சேமிப்பு) பதிவுகளையும் அழிக்கச் சொல்லிக் குறுக்கீடு அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும் சார்பு அது.

இந்தத் தடங்களைப் பார்த்துச் சிலர் நினைவக மேலாண்மையைச் சந்தேகித்தது இயல்பே. ஆனால் அங்கே காத்திருப்பவர் பாதிக்கப்பட்டவரேயன்றி குற்றவாளி அல்லர். பதில் தராதவர் யார் என்பதே கேள்வி. 0ஆம் கோர் உயிரோடு இருந்ததால், சீரியல் கன்சோல் வழியே கெர்னலுக்கு நேரடியாகச் செல்லும் மேஜிக் சிஸ்ரெக் கட்டளையைக் கொடுத்து எல்லாக் கோர்களின் அழைப்புத் தடத்தையும் கேட்க முடிந்தது. இந்தக் கட்டளை ஒவ்வொரு கோருக்கும் ஒரு என்.எம்.ஐ. அனுப்புகிறது. பராமரிப்புக் கோர்கள் மட்டும் பதிலளித்தன. மாதிரியெடுப்பு நடந்துகொண்டிருந்த கோர்களில் ஒன்றுகூடப் பதிலளிக்கவில்லை.

ஆய்வின் திருப்பம் இங்கேதான். ஒரு கோர் குறுக்கீடுகளை மூடிக்கொண்டு முடிவில்லாச் சுழலில் சிக்கியிருந்தால், சாதாரணக் குறுக்கீட்டுக்குப் பதிலளிக்காது, என்.எம்.ஐ.க்குப் பதிலளிக்கும். என்.எம்.ஐ.க்கே பதிலளிக்காத கோர் மூன்று நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும்: வன்பொருள் முற்றாகச் செயலிழந்திருக்க வேண்டும், மேலாண்மைப் பயன்முறைக்குள், அதாவது ஃபர்ம்வேர் ஓடும் எஸ்.எம்.எம். நிலைக்குள் இருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே ஒரு என்.எம்.ஐ. கையாளிக்குள் இருந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். இரண்டு செயலிகளிலும் பரவியிருந்த பல கோர்கள் ஒரே நேரத்தில் வன்பொருளாகச் செத்துப்போவது நம்பத்தக்கதல்ல. எஸ்.எம்.எம். நுழைவு பெரும்பாலும் எல்லாக் கோர்களையும் ஒன்றாக உள்ளிழுக்கும். இங்கோ பராமரிப்புக் கோர்கள் இயங்கிக்கொண்டிருந்தன. எஞ்சியது மூன்றாவது. வன்முடக்கக் கண்காணிப்பான் மௌனமாக இருந்ததற்கும் இதே விளக்கம் பொருந்தியது. அது ஒவ்வொரு கோரையும் அந்தக் கோருக்கு வரும் என்.எம்.ஐ. கொண்டே சோதிக்கிறது, என்.எம்.ஐ. கையாளிக்குள் அகப்பட்ட கோரில் சோதிப்பவரும் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

குழு உடனே மேலாண்மைக் கட்டுப்படுத்தி வழியாக வெளி என்.எம்.ஐ.யை அனுப்பியது. இம்முறை 0ஆம் கோர் அதை ஏற்று, கெர்னல் நிலைகுலைந்து, டம்ப் எடுக்கும் துணைக் கெர்னல் தொடங்கியது. நிலைகுலையும் கோர் மற்றவற்றை என்.எம்.ஐ. கொண்டு நிறுத்த முயன்று, அதிகபட்சம் ஒரு நொடி காத்திருந்துவிட்டு மேலே செல்லும்படி எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு நொடி வரம்பு இல்லையென்றால் டம்ப் கிடைத்திருக்காது.

டம்ப் காட்டியது

பதிலளிக்காத கோர்களின் ரெஜிஸ்டர் நிலை டம்பில் பதிவாகவில்லை, ஏனெனில் அதைப் பதியும் நிரலும் என்.எம்.ஐ.யில்தான் ஓட வேண்டும். ஆனால் நினைவகம் முழுவதும் கையில் இருந்தது. எக்ஸ்86-64இல் என்.எம்.ஐ.க்கென ஒவ்வொரு கோருக்கும் தனி ஸ்டாக் (சார்புகளின் திரும்பு முகவரிகள் அடுக்கப்படும் நினைவகப் பகுதி) உண்டு. செயலி நுழையும்போதே அதன் உச்சிக்குத் தாவிவிடும். ஏன் தனி ஸ்டாக் என்றால், பயனர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும் சிஸ்கால் ஆணை ஸ்டாக்கை மாற்றுவதில்லை. கெர்னலுக்குள் நுழைந்த முதல் சில ஆணைகளின்போது ஸ்டாக் சுட்டி இன்னும் பயனர் நிரலின் இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் என்.எம்.ஐ. வந்தால் நம்பத்தக்க ஸ்டாக் வேறு கிடையாது.

குழு அந்தத் தனி ஸ்டாக்குகளையும், என்.எம்.ஐ. பயனர் நிரலை இடைமறித்தால் 4.4 கெர்னல் கையாளியை ஓட்டும் இழையின் கெர்னல் ஸ்டாக்குகளையும் கோர் வாரியாகப் படித்தது. எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் திரும்பு முகவரிகள் இருந்தன: என்.எம்.ஐ. நுழைவு, எண்ணி வழிதல் கையாளி, மாட்யூலின் பதிவுச் சார்பு, கடைசியில் ஸ்பின்லாக்குக்காக, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டுக்காக, சுழன்று காத்திருக்கும் பகுதி. தனி ஸ்டாக்கின் உச்சியில் செயலி தானே எழுதிவைத்த சட்டகம், என்.எம்.ஐ. எந்த இடத்தை இடைமறித்தது என்பதைச் சொல்லும். பெரும்பாலான கோர்களில் அது தொடர்பற்ற பயனர் நிரல் முகவரியாக இருந்தது. ஒரே ஒரு கோரில் மட்டும் அது மாட்யூலின் வாசிப்புச் சார்புக்குள், அதே ஸ்பின்லாக்கைப் பிடித்த வரிக்கும் விட்ட வரிக்கும் நடுவே இருந்தது.

அத்துடன் நிகழ்வின் வரிசை முழுமையாகத் தெளிவாயிற்று. வாசிப்பு இழை ஒரு கோரில் குறுக்கீடுகளை மூடி, பொதுப் பஃபரின் பூட்டைப் பிடித்தது. அதே கோரில், பூட்டு விடப்படும் முன்பே, செயல்திறன் எண்ணி வழிந்து என்.எம்.ஐ. வந்தது. கையாளி அதே பூட்டைக் கேட்டுச் சுழலத் தொடங்கியது. பூட்டை விட வேண்டிய நிரல், கையாளி முடிந்தால்தான் தொடர முடியும். கையாளி, பூட்டு விடப்பட்டால்தான் முடியும். பிறகு மற்றக் கோர்கள் ஒவ்வொன்றிலும் எண்ணி வழிய வழிய, அவையும் என்.எம்.ஐ.க்குள் நுழைந்து அதே பூட்டுக்கான வரிசையில் நின்றன. 4.2 முதல் எக்ஸ்86 கெர்னலில் உள்ள வரிசை ஸ்பின்லாக், தன் சொல்லில் கடைசியாக வந்து நின்ற கோரின் எண்ணை வைத்திருக்கும். அந்த எண்ணும் ஸ்டாக்குகள் சொன்னதோடு ஒத்துப்போனது. முதல் உறைவுகளில் 0ஆம் கோரும் இந்த வரிசையில் நின்றிருந்தது என்பதால்தான் வெளியிலிருந்து எதுவும் எட்டவில்லை.

பூட்டை எடுத்த நிரல்வரி, குறுக்கீடுகளை மூடிப் பழைய நிலையைச் சேமிக்கும் வழக்கமான வடிவில்தான் இருந்தது. சாதாரணக் குறுக்கீட்டுக் கையாளியோடு தரவைப் பகிரும்போது அது போதுமானது, சரியானது. என்.எம்.ஐ.யோடு பகிரும்போது அது எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. இந்த வேறுபாடு அனைவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாட்யூலின் முதல் பதிப்பு டைமர் குறுக்கீட்டைக் கொண்டு மாதிரியெடுத்தது என்பதையும், எண்ணிக்கு மாறியபோது பதிவுச் சார்பு மாறாமல் அப்படியே கொண்டுவரப்பட்டது என்பதையும் நிரல் வரலாறு காட்டியது. எழுதப்பட்ட நாளில் சரியாக இருந்த வரி, அது அழைக்கப்படும் சூழல் மாறியதால் பிழையாயிற்று.

சோதனையில் ஏன் சிக்கவில்லை

சோதனைச் சேவையகங்களில் வாசிப்பு இழை ஒரு பராமரிப்புக் கோரில் கட்டப்பட்டிருந்தது; அந்தக் கோரில் மாதிரியெடுப்பு இல்லை. பூட்டு ஒரு கோரிலும் என்.எம்.ஐ. வேறொரு கோரிலும் இருந்தால் கேடு எதுவுமில்லை: கையாளி சற்றுச் சுழன்று காத்திருக்கும், வாசிப்பவர் பூட்டை விடுவார், வேலை நடக்கும். எத்தனை கோர்களை, எவ்வளவு வேகத்தில் சோதித்தாலும் இந்த அமைப்பில் முட்டுக்கட்டை விழாது. உற்பத்திச் சேவையகங்களில் இழை கட்டப்படவில்லை என்பதால் மட்டுமே இரண்டும் ஒரே கோரில் சந்தித்தன.

அந்தச் சந்திப்பும் தொடக்கத்தில் மிக அரிது. வாசிப்புச் சார்பு சில பதிவுகளை மட்டும் நகலெடுத்துப் பூட்டை விட்டுவிடும். பின்னாளில், புதிதாகச் சேர்ந்த ஒரு பயனர் நிரலின் தேவைக்காக, பஃபர் முழுவதையும் ஒரே பிடியில் நகலெடுக்கும்படி அது மாற்றப்பட்டது. பூட்டு பிடிபட்டிருக்கும் காலம் நீண்டது. அந்தப் புதிய நிரல் ஓடிய சேவையகங்களில் உறைவுகள் தொடங்கின.

கெர்னலின் பூட்டு ஒழுங்குச் சரிபார்ப்பியான லாக்டெப் சோதனைகளில் இயக்கப்பட்டிருந்தது. ஆயினும் 4.4இல் என்.எம்.ஐ. சூழலுக்குள் நுழைந்ததுமே அது அணைக்கப்பட்டுவிடும். எனவே அதன் மௌனத்தை நற்சான்றாகக் கொள்ள இடமில்லை.

இரண்டு கட்டத் திருத்தம்

முதலில் அவசரத் திருத்தம். கையாளி பூட்டுக்காகக் காத்திராமல், கிடைத்தால் எடுத்துக்கொண்டு, கிடைக்காவிட்டால் அந்த மாதிரியைக் கைவிட்டு ஓர் எண்ணியைக் கூட்டும்படி மாற்றப்பட்டது. சில வரிகளே மாறின. சரிபார்ப்பது எளிது, அன்றே அனுப்பலாம். கூடவே, பூட்டைப் பிடித்திருப்பது எந்தக் கோர் என்பதும் ஒரு மாறியில் குறிக்கப்பட்டது. இதனால் கைவிடப்பட்ட மாதிரிகளில், அதே கோரே பூட்டைப் பிடித்திருந்ததால் நேர்ந்தவற்றைத் தனியே எண்ண முடிந்தது. அந்த எண்ணிக்கையின் ஒவ்வொரு கூட்டலும் பழைய நிரலில் ஓர் உறைவாக முடிந்திருக்கும். அது அரிதாகவே கூடியது, கூடியபோது முழுப் பஃபரையும் நகலெடுக்கும் பயனர் நிரல் ஓடிய சேவையகங்களிலேயே கூடியது. காரணத்தை ஊகித்ததோடு நில்லாமல் உறுதிசெய்தது இந்த அளவீடு.

அந்தத் திருத்தம் நிரந்தரமாகத் தக்கதல்ல என்பதில் குழுவுக்கு ஐயமில்லை. கைவிடப்படும் மாதிரிகள் சமமாகச் சிதறவில்லை. வாசிப்பு இழையின் சொந்தச் செலவு எப்போதும் கணக்கிலிருந்து விடுபட்டது. ஒரு கோர் என்.எம்.ஐ.க்குள் பூட்டைப் பிடித்திருக்கும்போது மற்ற கோர்களின் மாதிரிகளும் விழுந்தன. கோர்களின் எண்ணிக்கை கூடக்கூட இழப்பும் கூடும்.

இரண்டாம் கட்டத்தில் பொதுப் பஃபரே நீக்கப்பட்டது. ஒவ்வொரு கோருக்கும் தனி வளையப் பஃபர். அதில் எழுதுவது அந்தக் கோரின் என்.எம்.ஐ. கையாளி மட்டும், படிப்பது வாசிப்பு இழை மட்டும். எழுதுபவர் பதிவை முழுமையாக எழுதிய பிறகே தலைச் சுட்டியை நகர்த்துகிறார். படிப்பவர் தலைச் சுட்டியைப் பார்த்த பிறகே பதிவைப் படிக்கிறார். இந்த முன்பின் ஒழுங்கை நினைவக ஒழுங்குக் கட்டளைகள் காக்கின்றன. பஃபர் நிரம்பினால் மாதிரி கைவிடப்பட்டு எண்ணப்படும். பூட்டு எங்கும் இல்லை.

மறுஆய்வில் பதிவுச் சார்பு தொட்ட மற்றவையும் ஒவ்வொன்றாக நோக்கப்பட்டன. இன்னும் இரண்டு கண்ணிகள் அகப்பட்டன. பஃபர் நிரம்பும்போது அது கெர்னல் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை அச்சிட்டது. 4.4இல் அச்சிடும் சார்பு தனக்கென ஒரு பூட்டைப் பிடிக்கிறது. அச்சிட்டுக்கொண்டிருக்கும் கோரை என்.எம்.ஐ. இடைமறித்தால் அதே முட்டுக்கட்டை வேறு இடத்தில் விழும். 2016இல் வெளிவந்த 4.7 இதற்கெனக் கோர் வாரியான தனிப் பஃபர்களைக் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிவேட்டையே பூட்டில்லா வளையமாக மாற்றியது. இரண்டாவது, வாசிப்பு இழையை எழுப்பும் அழைப்பு. அது திட்டமிடுநரின் ஓடுவரிசைப் பூட்டைத் தொடும். எச்சரிக்கை நீக்கப்பட்டது. எழுப்புதல், ஐ.ஆர்.க்யூ. வொர்க் என்னும் ஒத்திவைப்பு முறைக்கு மாற்றப்பட்டது. அது தன் கோருக்கே ஒரு சாதாரணக் குறுக்கீட்டை அனுப்பி, குறுக்கீடுகள் திறந்திருக்கும் நேரத்தில் வேலையை முடிக்கும்.

மறுஆய்வில் எழுந்த கேள்வி: கையாளி தனக்குள் மீண்டும் நுழையுமா

தனிப் பஃபர் வடிவம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு கோரில் ஒரு நேரத்தில் ஒரு கையாளியே எழுதும். என்.எம்.ஐ.க்குள் என்.எம்.ஐ. வராது என்று சொல்லி இதைக் கடந்துவிட ஒரு மறுஆய்வாளர் மறுத்தார். மாட்யூல் பயனர் நிரலின் ஸ்டாக்கையும் படிக்கிறது. அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட் எழும். பிழையைக் கையாளாமல் திரும்பச் சொல்லியிருந்தாலும், விதிவிலக்கிலிருந்து திரும்புவது ஐரெட் ஆணையால்தான். செயலி எந்த ஐரெட் என்று பார்ப்பதில்லை. எதைக் கண்டாலும் என்.எம்.ஐ. தடையை நீக்கிவிடும். முதல் கையாளி பாதியில் இருக்கும்போதே அடுத்தது நுழைந்து, அதே தனி ஸ்டாக்கின் உச்சிக்குத் தாவி, முதலாவதின் திரும்பும் சட்டகத்தின் மேலேயே எழுதிவிடும்.

அவர் எழுப்பிய கேள்வி மிகச் சரியானது. அதற்கான விடை கெர்னலின் நுழைவு நிரலில் இருக்கிறது. 2012இல் வந்த 3.3 முதல், முதல் என்.எம்.ஐ. நுழைந்தவுடன் தன் சட்டகத்தை அதே ஸ்டாக்கில் கீழே நகலெடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதாக ஒரு குறியை வைக்கிறது. இடையில் நுழையும் என்.எம்.ஐ. அந்தக் குறியையும் ஸ்டாக் சுட்டி இருக்கும் இடத்தையும் பார்த்து, கையாளியை ஓட்டாமல், முதலாவதின் நகல் சட்டகத்தை மட்டும் திருத்திவிட்டு வெளியேறுகிறது. முதலாவது முடிந்து திரும்பும்போது, இடைமறித்த இடத்துக்குப் போகாமல் மீண்டும் ஒரு சுற்று கையாளியை ஓட்டிவிட்டுப் பிறகே போகும். ஆக, செயலி தராத உறுதியை மென்பொருள் கட்டிக் கொடுத்திருக்கிறது. எழுதுபவர் ஒருவரே என்ற அனுமானம் செல்லும். அதே நுட்பமான பகுதியில் 2015இல் பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டன என்பதையும் மறுஆய்வுக் குறிப்பு பதிந்தது. அந்தத் திருத்தங்கள் தாங்கள் ஓட்டும் கெர்னலில் உள்ளனவா என்று குழு சரிபார்த்தது, இருந்தன.

பின்விளைவு

அவசரத் திருத்தத்துக்குப் பின் உறைவுகள் நின்றன. தனிப் பஃபர் பதிப்பு, சோதனையில் வேண்டுமென்றே கடுமையாக்கப்பட்ட நிலையில் ஓடவிடப்பட்டது: வாசிப்பு இழை எல்லாக் கோர்களிலும் வலிந்து நகர்த்தப்பட்டது, மாதிரி வேகம் உயர்த்தப்பட்டது, பிற கோர்களிலிருந்து அழைப்புத் தட என்.எம்.ஐ.கள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. பழைய பதிப்பு இதே சோதனையில் விரைவிலேயே உறைந்தது, புதியது தாங்கியது. பழையதை உறைய வைக்காத சோதனை புதியதைப் பற்றி எதையும் சொல்லாது என்பதால், அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் வெளியிடுவதில்லை என்று குழு நிபந்தனை வைத்திருந்தது.

பின்னர் சேவையகங்கள் 5.10 வரிசைக்கு மாற்றப்பட்டன. அதற்குப் பதிவேட்டு மாற்றம் ஒரு காரணம். நிலைகுலைவுப் பாதை மற்றொன்று. 4.4இல், ஒரு கோர் நிலைகுலைந்துகொண்டிருக்கும்போதே அதே கோருக்கு என்.எம்.ஐ. வந்து அதுவும் நிலைகுலைய முயன்றால், ஏற்கெனவே பிடிபட்ட பூட்டைக் கண்டு முடிவில்லாமல் நின்றுவிடும். டம்ப் பாதியில் கெடும். 4.5 முதல், நிலைகுலையும் கோரின் எண்ணை அணு மாறியில் (இடையூறின்றி ஒரே படியில் மாற்றப்படும் மாறி) வைத்து, அதே கோரானால் திரும்பிச் சென்று தொடங்கிய வேலையை முடிக்கவிடுகிறது. வெளி என்.எம்.ஐ.யை எல்லாக் கோர்களுக்கும் திறந்துவிடும் தொடக்கத் தெரிவும் அதே பதிப்பில் வந்தது. 0ஆம் கோரை மட்டும் நம்பியிருக்கும் நிலையை நீக்குவதால், குழு அதை இயக்கிக்கொண்டது.

மாறியவையும் மாற வேண்டியவையும்

என்.எம்.ஐ.யிலிருந்து எட்டக்கூடிய ஒவ்வொரு சார்பும் இப்போது தனிக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்புக்கு வெளியே மாட்யூலின் பூட்டுகளை எடுக்கும் உறைச் சார்புகள், தாம் என்.எம்.ஐ. சூழலில் அழைக்கப்பட்டால் சோதனைப் பதிப்பில் எச்சரிக்கை எழுப்பும். சூழல் மாற்றம், அதாவது ஒரு சார்பு டைமரிலிருந்து எண்ணிக்கோ, இழையிலிருந்து குறுக்கீட்டுக்கோ நகர்வது, இனித் தனி மறுஆய்வுக்குரியது. ஒரு வரிகூட மாறாவிட்டாலும் புதிய நிரலாகவே அது கருதப்படும். 0ஆம் கோரில் சொந்த நிரலின் என்.எம்.ஐ. இல்லை என்ற ஏற்பாடும் நீடிக்கிறது.

கண்காணிப்பானின் குருட்டிடம் இன்னும் முழுமையாக மூடப்படவில்லை. 2023இல் வந்த 6.5 கெர்னலில், ஒவ்வொரு கோரும் தன் அண்டைக் கோரின் டைமர் துடிப்பைப் பார்த்து முடக்கத்தைக் கண்டறியும் முறை சேர்க்கப்பட்டது. என்.எம்.ஐ.க்குள் அகப்பட்ட கோரை அது கண்டுகொள்ளும், ஏனெனில் பார்ப்பவர் வேறொரு கோரில் இருக்கிறார். அடுத்த கெர்னல் மாற்றத்தில் அதை இயக்குவது முடிவாகியுள்ளது. அகப்பட்ட கோரின் தடத்தை என்.எம்.ஐ. கொண்டு பெற இயலாது என்பதால், எச்சரிக்கை எழுந்தவுடன் டம்ப் எடுக்கும்படியே அது அமைக்கப்படும்.

மாட்யூல் இப்போது ஆர்ம்64 என்னும் வேறு செயலி வகைச் சேவையகங்களுக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. அங்கே இயல்பு அமைப்பில் எண்ணிக் குறுக்கீடு சாதாரணக் குறுக்கீடுதான். பழைய, பிழையுள்ள பதிப்புகூட அங்கே உறையாமல் ஓடும். 2019இல் வந்த 5.1 முதல் உள்ள போலி என்.எம்.ஐ. தெரிவை இயக்கினால் நிலை மாறுகிறது: குறுக்கீடுகளை மூடுவது, குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் முன்னுரிமை வரம்பை உயர்த்துவதாக ஆகிறது, எண்ணிக் குறுக்கீடு அந்த வரம்பையும் தாண்டும் முன்னுரிமை பெறுகிறது. ஆகவே ஆர்ம்64 சோதனைச் சேவையகங்கள் அனைத்தும் அந்தத் தெரிவை இயக்கியே தொடங்கப்பட வேண்டும் என்று முடிவாகியுள்ளது. பழைய பதிப்பு அங்கேயும் உறைகிறது என்பதைக் காட்டிய பிறகே புதிய பதிப்பின் சோதனை முடிவுகள் ஏற்கப்படும்.